லென்ஸைக் கழற்ற மாட்டேன் என்றவளுக்கு

அலமாரியை ஒழிக்கும்போது இன்று அந்த ரப்பர் குமிழ் கையில் கிடைத்தது. குழந்தைகளின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் விற்பார்களே, அது. மகள் அதை எடுத்துப் பார்த்து, தனக்கு வாங்கியதா என்று கேட்டாள். இல்லை, ஒரு கேமராவுக்கு வாங்கியது என்றேன். அதை அமுக்கி அமுக்கி நீ தூசி போகக் காற்றடித்த அழகை அவள் பார்த்திருக்க வேண்டும்.

லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா நம் சம்பளத்துக்கு எட்டத் தொடங்கிய காலம் அது. நமக்கு ஒரே ஆபீஸ், ஒரே ஷேர் ஆட்டோ. உன் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் வீட்டு நிக்காஹ்களில் பெண்கள் பக்கம் தனி. போட்டோகிராபர் திரைக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். ஆண்கள் பக்க ஆல்பம் தடியாக இருக்கும். பெண்கள் பக்கம், யாரோ சின்னக் கேமராவில் எடுத்த பாதித் தலைகள். "எங்கம்மா கல்யாண ஆல்பத்துல எங்கம்மாவே இல்லடி" என்பாய். தங்கையின் கல்யாணத்திலாவது வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் மணப்பெண்ணோடு ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும் என்று துடித்தாய்.

ஆனால் வாங்கத்தான் மனசு வரவில்லை. லென்ஸைக் கழற்றினால் தூசி உள்ளே போய், படம் பதியும் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எல்லாப் படத்திலும் புள்ளி விழும் என்று இன்டர்நெட்டில் யாரோ எழுதியதைப் படித்துவிட்டாய். அன்றோடு உன் நிம்மதி போயிற்று. மேடவாக்கத்தில் அப்போது தோண்டாத தெரு கிடையாது. காலையில் துடைத்த டி.வி.யில் மாலையில் பெயர் எழுதலாம். கடைகடையாக ஏறி அதே கேள்வியைக் கேட்டாய். கடைசியில் ஒருவர் பொறுமை இழந்து, "தூசி இல்லாத ஊரா பார்த்துக் குடி போங்க மேடம், அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். அந்தக் கோபத்திலேயே வாங்கினாய்.

கூட்டத்துக்கு ஒரு லென்ஸ், முகங்களுக்கு ஒன்று. கல்யாணத்தன்று காலையில் வீட்டிலேயே எல்லோரையும் சேர்த்து எடுத்துவிட்டு, பாத்ரூமில் தண்ணீர் ஊற்றித் தூசியை அடக்கி, அங்கேயே முக லென்ஸை மாட்டிவிட வேண்டும். பிறகு கழற்றவே கூடாது. இதுதான் உன் திட்டம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் கேமராவுக்காகப் பக்கெட் பக்கெட்டாகக் கொட்டியதற்கு உன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

கேளம்பாக்கத்துப் பெரியம்மா மட்டும் காலையில் வந்து சேரவில்லை. டிராபிக்கில் மாட்டி அவர் மண்டபத்துக்கு வந்தபோது பந்தியே முடிந்திருந்தது. மணப்பெண் கிளம்பப் போகிறாள். எல்லாப் பெண்களும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள். உன் லென்ஸில் நாலு முகத்துக்கு மேல் அடங்கவில்லை. மேலே மின்விசிறி, கீழே பழைய ஜமக்காளம், நடுவே சாம்பிராணிப் புகை. நீ அசையாமல் நின்றாய்.

"எல்லாரும் நிக்கிறோம்ல, எடும்மா" என்றார் உன் அம்மா.

என் பட்டு முந்தானையைக் கூடாரமாகப் பிடிக்கச் சொல்லி, உள்ளே தலையை விட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழற்றினாய். மணப்பெண்ணே சிரித்துவிட்டாள். நீ எடுத்து முடித்ததும் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, உன்னையும் கூட்டத்தில் தள்ளி நான் ஒன்று எடுத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தால், பெரியம்மா தலைக்கு மேலே வெள்ளைச் சுவரில் சாம்பலாக ஒரு புள்ளி. நீ பயந்தது நடந்தேவிட்டது. புள்ளியை அழித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"விடுடி. அதுவும் கல்யாணத்துக்கு வந்ததுதானே."

நீ கண்மூடிய பிறகு உன் அம்மா பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருப்பது, நான் எடுத்த படத்தை. எல்லோரும் நேரே பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ மட்டும், லென்ஸைப் பிடித்திருக்கும் என் விரல்களையே கவலையோடு பார்க்கிறாய். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டிக் காட்டி அம்மா சிரிக்கிறார். உன்னை நினைத்தால் எனக்கும் அழுகையைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.

உங்கள் சொந்தத்தில் பெண்கள் பக்கப் படங்களுக்கு இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூட்டத்துக்கு நடுவே லென்ஸைக் கழற்றும்போதெல்லாம் உன் பார்வை என் விரல்மேல் இருக்கிறது. பயப்படாதே, பார்த்துத்தான் மாற்றுகிறேன்.