கரடி வந்தால் ஆலப்பாக்கம்

நவம்பர் 3, 2009. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொல்லைக் கொடியில் துணி காயவில்லை. கூடத்துக்குள்ளேயே கயிறு கட்டியாயிற்று. இவர் கட்டிலுக்கு மேலே என் ஈரப் புடவை. முன்பானால் ஒரு பாட்டம் கத்தியிருப்பார்.

வாங்க: பிரஷர் மாத்திரை. கொசுவத்தி. நாத்தனார் வசந்தாவுக்கு வெற்றிலை. பகலில் தன் தம்பியை, அதாவது இவரை, அவள் வந்து பார்த்துக்கொள்வதால்தான் நான் கடலூர் ஆபீசுக்குப் போய் வருகிறேன். வெற்றிலையாவது ஒழுங்காக வாங்கித் தர வேண்டும்.

பஸ்ஸில் டிவி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று ஏதோ புது காமெடி சிடி. என்னவோ, எரிச்சலே வரவில்லை. ஒரு இடத்தில் சிரித்துக்கூடத் தொலைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தது. ஏன், நான் சிரிக்கக் கூடாதா?

நவம்பர் 4. புதன்

மழை இல்லை. புழுக்கம்.

மெனக்கெட்டு அந்த சிடியைக் கவனித்தேன். சிதம்பரத்தை விட்டுக் கிளம்பியதும் கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்தவன் காமெடி. வெள்ளாற்றுப் பாலம் வரை ரகளை. முட்லூர் வருவதற்குள் செருப்பு கிடைத்துவிடுகிறது. சிரிப்பு அடங்கும்போது ஒரு கார்ட்டூன் குரங்கு, வாழைத்தோலில் வழுக்குகிறது. அதில் பேச்சே கிடையாது, லேசாக ஒரு பீப்பி சத்தம். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் குணா, "முட்லூரு எறங்கு" என்கிறான். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிறது.

அடுத்து பல் பிடுங்க வந்தவன் டாக்டரையே கடித்து வைப்பது. புதுச்சத்திரத்தில் முடிந்தது. ஒரு கார்ட்டூன் கோழி. ஆலப்பாக்கத்தில் பனிக்கட்டியில் ஏறி ஏறிச் சறுக்கும் கரடி. எந்த சீனும் பாதியில் அறுபடவில்லை. காரைக்காடு தாண்டினால் ஒரு கெமிக்கல் நெடி வருமே, எல்லோரும் மூக்கைப் பொத்துகிற இடம், அங்கே இருப்பதிலேயே பெரிய சிரிப்பை வைத்திருக்கிறது. ஒருத்தர் கையும் மூக்குக்குப் போகவில்லை.

இது தானாக அமையாது. எவனோ உட்கார்ந்து ரோட்டை மனசில் வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறான். ஆபீசில் டெஸ்பாட்ச் எழுதும்போதும் இதே நினைப்பு. ஒரு கவருக்கு இரண்டு முறை நம்பர் போட்டுவிட்டேன்.

நவம்பர் 6. வெள்ளி

வெட்டியது குணாவேதான்!

இதே பஸ்ஸை இவர் ஓட்டியபோது குணாதான் கண்டக்டர். சித்திரையில் இவருக்கு வாதம் அடித்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நாளில் போனது. ஸ்டியரிங்கில் வேறு ஆள் வந்தாயிற்று. குணா மட்டும் அன்றிலிருந்து எனக்கு ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு வைக்கிறான். அதுவரை நான் கவர்மென்ட் பஸ்ஸில்தான் போவேன். இவர் முதல் டிரிப்புக்கு விடியலிலேயே போய்விடுவார், ஒன்றாகப் போக வாய்த்ததே இல்லை.

"சிரிச்சிக்கிட்டே ஸ்டாப்ப வுட்டுடுறாங்க அண்ணி. அப்புறம் என்னாண்ட சண்டை. 'நீ சத்தமா சொல்லல'ன்றாங்க. நான் தொண்டை கிழிய கத்துறேன், டிவி எனக்கு மேல கத்துது. அதான் ஸ்டாப்பு வந்தா பேச்சில்லாத பொம்மைப்படம். அது ஓடுற வரைக்கும் நான் பேசிக்கலாம்ல?"

தெரிந்தவர் கம்ப்யூட்டர் சென்டரில், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து சேர்த்தானாம். போக ஒரு சிடி, திரும்பி வர வரிசையை மாற்றி இன்னொன்று. ஆள் ஏறி முடித்து விசில் அடித்ததும் ரிமோட்டை அமுக்கி அடுத்த சீன். அதுவரை, இல்லை பொம்மைப்படம் தானாகத் தீர்கிற வரை, கரடி விழுந்துகொண்டே இருக்கும்.

"வெறும் ஜோடனைதான் அண்ணி. நான் என்னா படமா எடுத்தேன்?"

ஜோடனைதான். படம் யாரோ எடுத்தது, பொம்மை யாரோ வரைந்தது. எங்கே நிறுத்துவது, எதற்குப் பின்னால் எதை வைப்பது, அவ்வளவுதான் இவன் வேலை. பூக்காரம்மா கட்டும் கதம்பமும் அப்படித்தானே. அவள் தோட்டமா போட்டாள்?

சாயந்திரம் மீன்கூடைக்காரம்மா ஏறியதும், "கரடிக்கு ஒண்ணு குடுப்பா" என்றது. குணா சிரிக்காமல் ஆலப்பாக்கத்துக்குக் கிழித்துக் கொடுத்தான். வெளியூர்க்காரர் ஒருவர் கூடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தால் பிசியோதெரபி மேடம். வலது காலை மடக்கி நீட்டிவிட்டு, "அழுத்துங்க சார், என் கைய அழுத்துங்க" என்று கெஞ்சினாள். இவர் வழக்கம்போல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் என்னிடம் சொன்னாள்: "காலு வராதுன்னு இல்லம்மா. அவரு அழுத்திப் பார்க்கணும். நான் மட்டும் புடிச்சி விட்டுக்கிட்டே இருந்தா பிரயோஜனம் இல்ல. இப்டியே வுட்டா இறுகிப் போயிடும்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சோற்றைக் குழைத்து ஊட்டும்போது கரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். பாவம்.

நவம்பர் 8. ஞாயிறு

குணாவிடம் ஒரு காப்பி கேட்டிருந்தேன். நேற்று கொடுத்தான். சிரித்தால் இவர் முகத்துக்கும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே.

போட்டேன். பெரிய ஏமாற்றம். பஸ்ஸில் அவ்வளவு அழகாக இருந்தது, வீட்டில் சவசவ. குரங்கு வழுக்குகிறது, வழுக்குகிறது, வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வசந்தாக்கா வெற்றிலையை மென்றுகொண்டே, "என்னாடி இது, காமெடி கொஞ்சம், கரடி ஜாஸ்தி?" என்றாள். இறங்க ஆள் இல்லை, ஏற ஆள் இல்லை, கரடி என்னதான் செய்யும்.

இவர் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். போர்வைக்குள் இடது கால் மட்டும் அசைந்தது. கொசு. வத்தி ஏற்றி வைத்தேன்.

நவம்பர் 10. செவ்வாய்

பேய் மழை. பஸ் கூரை ஒழுகி டிவியில் தண்ணீர். ஓடவில்லை. குணா தொண்டை கிழியக் கத்தியும் ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டிய ஒருவர் இறங்கவில்லை. அடுத்த ஊரில் எழுந்து நின்று சண்டை. "கரடி வரலியேய்யா! நான் எப்டி எறங்குறது?"

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார். குணாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. "பழக்கி வுட்டது நான்தான் அண்ணி" என்றான். எனக்கென்னவோ இதைவிடப் பெரிய மெடல் கிடையாது என்று தோன்றியது. சொன்னேன். நம்பவில்லை.

ராத்திரி சமையலுக்குத் துணையாக சிடியை ஓடவிட்டேன். ரசத்துக்குத் தாளிக்கும்போது எட்டிப் பார்த்தால், இவர் இடது கால் மறுபடி. கொசு இல்லை. கரடி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை நீட்டி கட்டில் சட்டத்தில் வைத்து மிதிக்கிறார். செருப்புக்காரன் பேசும்போது கால் சும்மா இருக்கிறது. கார்ட்டூனுக்கு மட்டும். கோழிக்கும் அப்படியே. வலிப்பு கிலிப்பா? பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 12. வியாழன்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும் முன் குணாவிடம் சொன்னேன். கைகாலை ஆட்டிச் செய்தும் காட்டினேன், வெட்கமில்லாமல்.

டிக்கெட் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எடது காலா?"

"ஆமா."

"அது கிளட்ச்சு அண்ணி. ஸ்டாப்புல வண்டிய நிறுத்த மிதிக்கிறது."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். இந்த சிடியைச் செய்தது இப்போது இல்லை, பங்குனியில். இவர் ஓட்டும்போது.

"அண்ணன் ஓட்டுற கணக்குக்குத்தான் வெட்டினேன். அவரு ஒரே சீரா ஓட்டுவாரு. முட்லூர்ல வுட்டா புதுச்சத்திரம் எப்ப வரும்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். வேற யாருகிட்டயும் இது நடக்காது. கொஞ்ச நாளு ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் விழுந்தப்புறம் போட மனசு வரல. உள்ள வெச்சிட்டேன்."

"இப்ப மட்டும் ஏன் எடுத்தே?"

"புது டிரைவர் அடிச்சி ஓட்டுறாரு. சொன்னா கேக்கல. இதப் போட்டேன். சீன் முடியறதுக்குள்ள ஸ்டாப்பு வந்தா ஜனங்க அவரத் திட்டுறாங்க. இப்ப கரெக்டா அண்ணன் மாதிரியே வராரு."

இத்தனை நாளாக இவருடைய ஓட்டத்தில்தான் நான் ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறேன்.

"ஆனா அவரு டிவி பக்கமே திரும்ப மாட்டேங்குறாரு குணா."

"எப்ப திரும்பினாரு? டிவி டிரைவர் மண்டைக்குப் பின்னாலதான இருக்கு. கரடி எப்டி இருக்கும்னே அண்ணனுக்குத் தெரியாது. சத்தம்தான் தெரியும்."

ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். குணா டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான், நல்லவன். ஆலப்பாக்கத்தில் கரடி வந்தபோது முன்னால் இருந்த டிரைவர் காலையே பார்த்தேன். இரண்டு காலும் வேலை செய்கிறது. இடது கால் கிளட்ச். வலது கால்தான் பிரேக்.

வெற்றிலை மறந்துவிட்டேன். வசந்தாக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 14. சனி

இன்று சிடி போடவில்லை. பயம். இல்லாததை நானே கற்பனை செய்துகொண்டு, நாளைக்கு ஒன்றும் நடக்காவிட்டால்?

வெற்றிலை வாங்கியாயிற்று. கேபிள் பாக்கி. அரிசி ஊறப்போட வேண்டும்.

நவம்பர் 15. ஞாயிறு

வெயில். கொடியில் துணி. கரண்ட் போவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டிபன் ஆனவுடனே இவரை மர நாற்காலிக்கு மாற்றினோம், வசந்தாக்காவும் நானும். டிவிக்கு முதுகு காட்டி, தெரு ஜன்னலைப் பார்த்து.

"ஏன்டி, டிவிக்கு முதுக காட்டி ஒக்கார வெச்சா என்னாத்தப் பார்ப்பான்?"

"ரோட்டப் பார்க்கட்டும்க்கா."

சிடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வலது பாதத்துக்கு அடியில் என் கையை விரித்து வைத்தேன். செருப்புத் தொலைந்தது, கிடைத்தது. குரங்கு வந்தது. இடது கால் தரையில் மிதித்தது. என் கையில் ஒன்றும் இல்லை. பல் டாக்டர். கோழி. இடது கால் மிதித்தது. என் கைமேல் பாதம் கல் மாதிரி கிடந்தது. வசந்தாக்கா சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த சீன் ஓடியது. என்ன சீன் என்று கேட்டால் தெரியாது. பீப்பி சத்தம் தொடங்கியது, கரடி. இடது கால் போனது. என் உள்ளங்கையில் ஏதோ பட்டது. பெருவிரல். பிறகு பாதம் முழுசும். அழுத்தினார். கை வலிக்கிற மாதிரி அழுத்தினார்.

"அக்கா!" என்றேன். அவள் கொல்லையில் இருந்தாள்.

காலை எடுக்கவில்லை. கரடி சறுக்குகிறது, ஏறுகிறது, சறுக்குகிறது. ரிமோட்டை அமுக்க குணா இங்கே இல்லை. இவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். எரிச்சலாகப் பார்த்தார். எவ்வளவு நேரம்தான் வண்டியை நிறுத்தி வைப்பது என்று கேட்கிற பழைய எரிச்சல். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசிலுக்குக் காத்திருக்கிறார். என்னிடம் விசில் இல்லை. நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

"ஆலப்பாக்கம் எறங்கியாச்சு... ரைட், போலாம்!"

காலை எடுத்தார்.