பிராது வாபஸ்

ஜூன் 11, 2024. செவ்வாய்

இன்று பீங்கான் கம்பெனியில் பதினொரு கப்புக்குக் கைப்பிடியைக் கோணலாக ஒட்டிவிட்டேன். களிமண் ஈரமாக இருக்கும்போதே பிய்த்து மறுபடி ஒட்டலாம் என்பதால் பிழைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆராயி அக்கா, "என்னடி கை இப்புடி நடுங்குது, டீ குடிக்கலியா" என்றாள். குடித்தேன். டீயால் நிற்கிற நடுக்கமா இது? கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் ஓட்டுவதுபோல ஒரு பல்சர் பைக் போனது, அவ்வளவுதான். விருத்தாசலத்தில் நூறு பல்சராவது ஓடும். அத்தனைக்கும் நான் நடுங்கினால் சூளைக்கு ஒரு கப் கூட நேராகப் போகாது.

கோர்ட்டு ஆணை வந்து ஐந்து நாள் ஆகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன். எதிர்மனுதாரர் திலீபன், மனுதாரர் நீலாவதி குடியிருக்கும் இடத்துக்கோ, வேலை செய்யும் இடத்துக்கோ, மகள் கனிமொழி படிக்கும் பள்ளிக்கோ வரக் கூடாது. நேரிலோ, போனிலோ, பிறர் மூலமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவரை ஒரு தாள் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மாடி வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பார்த்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது போனேன் என்று தெரியவில்லை. கனிமொழி வந்து, "அம்மா, அது மேல வூட்டு டிவிம்மா" என்றது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வீட்டில் அவர் கத்தவே மாட்டார். முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்புறம்தான் எழுந்து வருவார். இந்த வீட்டில் எல்லாருக்கும் காது மந்தம் என்று தெருவில் நினைத்திருப்பார்கள்.

இப்போது வாடகைக்கு இருக்கும் இந்த அறையில் டிவி இல்லை. வாங்கவும் மாட்டேன்.

ஜூன் 24, திங்கள்

வளர்மதி மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீல். என் வீட்டுக்காரரை ஜெயிலில் போட்டுவிடுவார்களா என்று கேட்டேன். கேட்டது ஆசையிலா பயத்திலா?

"இப்ப நாம போட்டிருக்கறது தண்டனை கேக்கற மனு இல்ல நீலாவதி. கோடு போட்டிருக்கோம். அந்தக் கோட்டைத் தாண்டினாதான் அவர் மேல குற்றம். அடிச்சதுக்குத் தனியா போலீஸ்ல புகார் குடுக்கலாம், அது வேற வழக்கு. நீங்கதான் வேணாம்னுட்டீங்க" என்றார்.

ஆமாம், வேண்டாம் என்றேன். அப்பன் ஜெயிலுக்குப் போன பெண்ணை நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று யோசித்தேன். பிள்ளை நாலாம் வகுப்பு படிக்கிறது. என் புத்தியை என்ன சொல்ல.

ஜூலை 5, வெள்ளி

மதியம் கம்பெனி கேட்டில் மாமியார் நின்றிருந்தார். கொளஞ்சியம்மாள். கொளஞ்சியப்பர் சாமி பேரை வைத்துக்கொண்டு அவர் பேரைச் சொல்லியே பேச வந்திருக்கிறார்.

"நீலா, நீ சாமிக்கிட்ட கட்டின பிராதை எடுத்துரும்மா. அவனுக்கு முட்டி வீங்கிக் கெடக்குது. சோறு எறங்கல. டாக்டரு ஒண்ணும் இல்லங்கறாரு. ஒண்ணும் இல்லாததுக்கா மனுசன் இப்புடிக் கெடப்பான்?"

ஜனவரியில் கட்டினேன்; அதே மாசம் பிள்ளையோடு வீட்டை விட்டு வந்தேன். அப்போது கோர்ட்டுக்குப் போகும் தைரியம் வரவில்லை. மணவாளநல்லூர் போய், கோயில் முறைப்படி பிராதை ஒரு தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டினேன். காணாமல் போன மாட்டிலிருந்து கைவிட்ட பிள்ளை வரைக்கும் ஊர் முழுக்க அங்கே எழுதிக் கட்டித் தொங்குகிறது. நான் எழுதியது ஒரே வரி. என் வீட்டுக்காரர் என்னை அடிக்காமல் இருக்க வேண்டும். கண்ணைப் பிடுங்கு, காலை ஒடி என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று உண்டு. கேட்டது நடந்துவிட்டால் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். அதுதான் முறை. இப்போது அவர் என்னை அடிப்பதில்லை. அப்படியானால் நான்தானே பாக்கி?

ஜூலை 8, திங்கள்

முட்டி, முட்டி, முட்டி. வேலை செய்யும்போதும் அவருடைய முட்டி வீங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கை முறிந்த அன்று அவர் முட்டியை மடக்கி உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்த முட்டிக்காக நான் ஏன் அழ வேண்டும்? அழுதேன்.

மேடத்திடம் கேட்கலாமா? சாமி காரியத்தைப் போய் வக்கீலிடமா கேட்பது. சிரிப்பார். கோர்ட்டு வேறு, கோயில் வேறு.

ஜூலை 12, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமியாருடன் கோயிலுக்குப் போனேன்.

வேல் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. முட்டி நன்றாகத்தான் மடங்கியது. விழுந்து கும்பிட்டார். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து, "சாமி எதுக்க ஒண்ணும் ஆவாது, ரெண்டு பேரும் சேந்து நின்னு கும்பிடுங்க" என்றார். நின்றேன். ஆட்கள் பார்க்கிறார்களே என்று நின்றேன். வாபஸ் எழுதிக் கொடுத்த தாளை அவர் போனில் படம் எடுத்தார். என்னையும் சேர்த்து.

திரும்பும்போது பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று அத்தை கூடவே வந்தார். நான் குடியிருக்கும் அறையைக் காட்டிக் கொடுத்தது நானேதான்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. தாழ்ப்பாளை எட்டு தடவை பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

அவர் வந்தார். அறைக்கே.

வீட்டுக்காரம்மாவிடம் போன் படத்தைக் காட்டியிருக்கிறார். புருஷன் பெண்டாட்டி கோயிலில் சேர்ந்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சந்தோஷமாகக் கதவைத் தட்டிக் கூப்பிட்டது. அவர் கையில் எங்கள் பழைய டிவி. பாப்பாவுக்கு என்றார்.

"கோர்ட்டுல ஆர்டரு இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சாமி முன்னாடியே வாபஸ் வாங்கிட்ட. அதுக்கு மேல என்ன கோர்ட்டு? நீயாத்தான வந்து நின்ன?"

நான்தான் போனேன். நான்தான் நின்றேன். தாளைக் கிழித்தது நான்தானே? அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறதே, அது இனிமேல் வெறும் தாள்தானா? டிவியை அலமாரியில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வருகிறாராம். கனிமொழி டிவி மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

குழம்பில் உப்பு. சத்தத்தைக் கூட்டினார். நான் பாப்பாவைப் பார்த்து ஓடு என்றேன். ஓடிற்று.

ஜூலை 29, திங்கள்

லீவு. முகம் காட்ட முடியாது.

ஜூலை 30, செவ்வாய்

ஆராயி அக்கா வந்து பார்த்துவிட்டு, என் போனை எடுத்து என் கையில் திணித்தாள். "அந்த வக்கீலம்மாவுக்குப் போடு. நீ போடலன்னா நான் போடறேன், எனக்குப் பேசத் தெரியாது, அசிங்கமாப் பேசிப்புடுவேன்" என்றாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிராது, வாபஸ், போட்டோ, அறைக்கு வந்தது. என் மேல்தான் தப்பு, நானே ஆணையைக் கெடுத்துவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீலாவதி, அந்த ஆணையை யார் போட்டாங்க?"

"கோர்ட்டு மேடம்."

"அப்ப அதை எடுக்கறதும் கோர்ட்டுதான். நீங்க மனு போட்டு, நடுவர் உங்களை விசாரிச்சு, அவங்களா மாத்தற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும். நீங்க கோயிலுக்குப் போனாலும் சரி, அவருக்கு டீ போட்டுக் குடுத்தாலும் சரி. தடை அவருக்குத்தான், உங்களுக்கு இல்ல. அவங்க அம்மாவைக் கேட்டுக்கு அனுப்பினதே அவர்தான்னா, அன்னிக்கே கோட்டைத் தாண்டிட்டார்."

மேடம் போனை வைத்த பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாளாக, இல்லாத ஒரு வாசலை நான் திறந்து வைத்துக்கொண்டு அவரை உள்ளே விட்டிருக்கிறேன்.

ஜூலை 31, புதன்

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஆணையின் நகலை வாங்கிப் படித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆணையை மீறியதற்கு ஒன்று, அடித்ததற்கு ஒன்று. இந்தத் தடவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் கைது பண்ணினார்கள். டிவியை ஆராயி அக்கா பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கோர்ட்டு. ஜாமீனில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. அவருடைய வக்கீல் கோயில் போட்டோவைக் காட்டி, மனுதாரரே சமாதானமாகப் போய்விட்டார், ஆணையை ரத்து செய்ய வேண்டும் என்றார். படத்தில் நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குச் சமாதானமாகத்தான் தெரியும்.

நடுவர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "பிராதுல என்னம்மா எழுதியிருந்தீங்க?"

"என் வீட்டுக்காரர் என்னை அடிக்கக் கூடாதுன்னு எழுதினேங்க."

"வாபஸ் வாங்கினதுக்கு அப்புறம்?"

"பதினாறாம் நாள் அடிச்சாருங்க."

நடுவர் அம்மா எழுதிக்கொண்டார். ஆணை தொடரும் என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயித்தேன் என்று மேடம் சொன்னார். என்னை வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஆறு மாசம் சாமி காப்பாற்றியதை நானே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டேனோ? மேடத்துக்கு இது புரியாது. யாரிடம் கேட்பது?

அக்டோபர் 9, புதன்

கை பரவாயில்லை. இன்று இரண்டு கப்தான் கோணல்.

ஆராயி அக்கா மார்க்கெட்டில் மாமியாரைப் பார்த்தாளாம். கூப்பிட்டும் திரும்பாமல், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாராம். என் மேல் அவ்வளவு ஆத்திரம். இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. அன்றைக்கு என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் உறைக்கிறது.

நவம்பர் 30, சனி

கனவு. அவருடைய வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டுகள் வைத்துக்கொண்டே இருக்கிறேன், கடைசித் தட்டு யாருக்கு என்று தெரியவில்லை. விழித்தும் அந்த வீட்டிலேயே இருப்பதுபோல இருந்தது.

பிப்ரவரி 9, 2025. ஞாயிறு

காலை பத்து மணிக்கு மாமியார் வந்தார். தனியாக. நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"அவன் வரலம்மா. அவனுக்குத் தெரியாது."

இடது மணிக்கட்டு வீங்கி, விரல் எல்லாம் பருத்திருந்தது. முட்டி வீங்கிய கதையை இவர்தான் எனக்குச் சொன்னார் என்று நினைத்தேன். கல் மனசோடுதான் நினைத்தேன். அப்புறம் முக்காட்டை எடுத்தார். காதுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக ஆறிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் ஆனால் அந்த நிறம் வரும் என்று எனக்குக் கணக்குத் தெரியும்.

"எப்ப இருந்து அத்தை?"

"நீ வூட்டை வுட்டு வந்த மறுவாரமே." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ திரும்பி வந்துட்டா என்னை வுட்டுருவான்னு நெனைச்சேன். அதுக்குத்தான் அன்னிக்கு கேட்டுக்கு வந்தேன். முட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன்."

கோபம் வந்தது. எழுதி வைக்கிறேன், வந்தது. என்னை அவன் கைக்குக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்திவிடலாம் என்று ஒரு நிமிஷம் இருந்தது. கனிமொழி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அவரால் அதை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை.

"அந்த வக்கீலம்மா மாமியாருக்கெல்லாம் எழுதுவாங்களா நீலா? இல்ல, பொண்டாட்டிக்கு மட்டுந்தானா?"

தெரியவில்லை என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதுவார்கள். ஒரே வீட்டில் வாழ்கிற எந்தப் பெண்ணும் கேட்கலாம், அம்மாவும் கேட்கலாம் என்று வளர்மதி மேடம் சொன்னார். அந்த வீடு அத்தை பேரில் இருக்கிறது, என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்லிக்கூடக் கேட்கலாமாம். அத்தைக்கு அது காதில் ஏறவில்லை.

மேடம் பேனாவை எடுத்து வரிசையாகக் கேட்டார். பேர். வயசு. முகவரி. எல்லாவற்றுக்கும் அத்தை சத்தமாகப் பதில் சொன்னார். எதிர்மனுதாரர் பேர் என்றதும் திலீபன் என்றார்.

"அவர் உங்களுக்கு என்ன உறவும்மா?"

மேடத்துக்குத் தெரியும். தாளில் எழுத அத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். வெளியே பஸ் ஸ்டாண்டு பஸ்களின் ஹாரன். அத்தை என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. கடைசியில் அத்தையே, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, "மவன்" என்றார்.