கனகாம்பரக் கலர்ச் சட்டை

எம். புதுப்பட்டி,
10-10-1965, ஞாயிறு.

அன்பு மகன் செல்லப்பாண்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் உன்னோடு பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடைசிக் கடிதம் ஆவணி முதல் வாரம் வந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. சண்டை நின்றுவிட்டதாகப் பஞ்சாயத்து ரேடியோவில் சொன்னார்கள். பட்டாளத்துத் தபால் எங்காவது தேங்கிக் கிடக்கும், மொத்தமாக வந்து சேரும் என்கிறார் தபால்காரர். அவர் சொல்வதை நம்பித்தான் இதையும் எழுதுகிறேன்.

இங்கே இன்னும் மழை இல்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருப்பதால் பட்டாசுக் கம்பெனி வண்டிகள் விடியுமுன்பே வந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. மயிலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளைச் சுழி. நீ வந்து பெயர் வைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நான் சித்தாள் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். மேற்கே ஐந்து மைலில் சுண்ணாம்புக்கல் அரைக்கிற ஆலை கட்டுகிறார்களே, அங்கேதான். கீழத்தெருக் குருவம்மாளும் நானும் சேர்ந்துதான் போய் வருகிறோம். போன மாதம் அங்கே ஒரு விபத்து நடந்தது. பின்பக்கமாக நகர்ந்து வந்த லாரியின் சக்கரம் குருவம்மாளின் பாதத்தில் ஏறிவிட்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறாள். கால் தப்பிவிட்டது, தை மாதம் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ பயப்பட வேண்டாம்.

இந்த இடத்தோடு விஷயத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். வேறு யார் வாயிலிருந்தாவது உனக்கு வந்து சேர்வதைவிட நானே சொல்வது நல்லது. அந்த லாரிக்கு நேராக நின்றது நான்தான். தலையில் சுண்ணாம்புக் கூடை. கல் உடைக்கிற மிஷின் சத்தமோ காது கிழிகிற சத்தம். குருவம்மாள் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டாள். நான் அந்தப் பக்கம் விழுந்தேன், அவள் காலை எடுக்குமுன் சக்கரம் வந்துவிட்டது.

லாரி டிரைவர் பெயர் ஊர்க்காவலன். முப்பது வயது இருக்கும். இறங்கி வந்து குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "கண்ணாடியில பாத்துத்தாம்மா எடுத்தேன். வெள்ளையா இருந்துச்சு. சுண்ணாம்புக் குமியலுன்னு நெனச்சுப்புட்டேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஐயா. அந்த இடத்தை நீ பார்த்ததில்லை. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, காற்று வெள்ளை. அதற்குள் நான் வெள்ளைச் சேலையோடு நின்றேன். உன் அப்பா போனதிலிருந்து கட்டுகிற சேலை.

மறுநாள் யாரும் வேலையில் கை வைக்கவில்லை. சித்தாள், கொத்தனார், டிரைவர் எல்லோரும் ஓவர்சியர் தங்கச்சாமி முன்னால் போய் நின்றோம். அவர் கெட்டவர் இல்லை. அவசரத்தில், "இனிமே வெள்ளை கட்டுனவுக யாரும் வேலைக்கு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "வெள்ளை கட்டுறவுக நாங்க பதினோரு பேரு இருக்கோம். எங்களுக்கு வீட்டுல வேற சேலை கெடையாது. கால் போனா வேலை போகும், சேலையாலயும் வேலை போகணுமா? மேல போட்டுக்கிட ஏதாவது நீங்களே குடுங்க. எங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் குடுங்க" என்று கேட்டேன்.

ஓவர்சியர் சரி என்றார். பிறகு ஊர்க்காவலனைக் கூப்பிட்டு, "எந்தக் கலர் தெரியுதுன்னு நீதான் சொல்லணும். வண்டியில ஏறு" என்றார். அன்று நடந்ததைப் பார்த்தால் நீ சிரித்திருப்பாய். ஒருவர் துண்டு, ஒருவர் லுங்கி, ஒருத்தி கிழிந்த பாவாடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போர்த்திக்கொண்டு தூசிக்குள் போய் நின்றோம். அவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். மஞ்சள் சுண்ணாம்போடு கரைந்துவிட்டதாம். பச்சை நிழலில் கறுப்பாகிவிட்டதாம். சிவப்பு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும்போது காட்டுவது சிவப்புக் கொடி, அதைப் பார்த்தால் எல்லோரும் ஓடுவார்கள், அதனால் ஆகாது என்று கொத்தனார்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஜெயித்தது அந்தக் கிழிந்த பாவாடைதான். நல்ல கனகாம்பரக் கலர். "அந்தா நிக்காகல்ல, அவுகதான்! ஆளு தனியாத் தெரியிது!" என்று வண்டிக்குள் இருந்தே கத்தினார்.

பத்து நாளில் சிவகாசித் தையல்காரரிடமிருந்து மூட்டை வந்தது. கையில்லாத சட்டை, பக்கத்தில் நாடா வைத்துக் கட்டிக்கொள்வது. கேட்டில் தார் பூசிய பலகையில் விதிகளை எழுதி மாட்டியிருக்கிறார்கள். கலர்ச் சட்டை இல்லாமல் யாரும், இஞ்சினியராக இருந்தாலும், உள்ளே வரக்கூடாது. சட்டைக்கென்று கூலியில் பிடிக்க மாட்டார்கள். மதியம் ஒரு தடவை தூசியைத் தட்டிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வெள்ளையாகிவிடும். பின்னால் நின்று ஒருவர் விசில் ஊதாமல் லாரி பின்னால் வரக்கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு முதல் நாள் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

வாசித்துவிட்டு, என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட்டுக்கொள்ள மனம் வரவில்லை, ராசா. கேட்டது நான்தான். ஆனாலும் கனகாம்பரக் கலர். ஏழு வருஷமாக அந்தப் பூ விற்கிற கடைப் பக்கம்கூட நான் போனதில்லை. மற்ற பத்துப் பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஊர்க்காவலன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் மறுபடியும் வண்டி ஓட்ட வந்திருந்தார். "நீங்க போட்டாத்தான் நான் வண்டி எடுப்பேம்மா. இல்லன்னா எனக்குக் கை வராது" என்றார். நான் போட்டு நாடாவைக் கட்டினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே, தலையை வெளியே நீட்டி, "தெரியிதீகம்மா! நல்லாத் தெரியிதீக!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

உன் பெரியப்பாவுக்கு விஷயம் போகாமல் இருக்குமா? நான்கு நாள் கழித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆலைக்கே வந்துவிட்டார். தம்பி பொண்டாட்டி கலர் போடுகிறாள் என்று ஊரே பேசுகிறதாம். கேட்டில் நின்ற காவல்காரர், "சட்டை போடாம உள்ள விட முடியாது, ஐயா" என்று சொல்லி அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டார். வேறு வழி இல்லாமல் மாட்டிக்கொண்டு வந்தார். மீசையும் கனகாம்பரச் சட்டையுமாக அவர் நடந்து வந்ததைப் பார்த்துச் சித்தாள்கள் கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். என்னை வைய வாயைத் திறந்தார். அதற்குள் விசில் கேட்டது. லாரி வந்தது. அவரும் எல்லோரையும்போல ஒதுங்கி நின்றார். சக்கரம் தன்னைத் தாண்டிப் போகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குருவம்மாளுக்கு எந்தக் கால் என்று கேட்டார். சொன்னேன். சட்டையைத் தொட்டுப் பார்த்து, "வெயிலுக்கு இது அம்புட்டு வேக்காடா இருக்காதா, தாயி?" என்றார். பழகிவிட்டது என்றேன். சட்டையைக் கழற்றிக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறு வாரம் ஆஸ்பத்திரிக்கு நான் சோறு கொண்டுபோனபோது, அவர் வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது. குருவம்மாளும் நானும் கட்டிலிலேயே உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் இருந்து சாப்பிட்டோம். முன்பு நம் தெருவில் கீழத்தெருக்காரியோடு அப்படிச் சாப்பிட்டிருக்க முடியுமா? கால் சரியானதும் விசில் ஊதுகிற வேலையை அவளுக்கே கொடுப்பதாக ஓவர்சியர் சொல்லியிருக்கிறார். இப்போதே ஆஸ்பத்திரியில் ஊதிப் பழகி நர்சம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

ஊர்க்காவலனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பட்டாளத்து உடுப்பு மண்ணோடு மண்ணாகத் தெரிவதற்காகத்தான் அந்தக் கலரில் இருக்கிறது என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன். அங்கே உன் அதிகாரி எப்படி உடுத்தச் சொல்கிறாரோ அப்படியே உடுத்து. எங்கே குனியச் சொன்னாலும் குனி. வீராப்புக் காட்டாதே. பிறத்தியார் கண்ணில் படாமல் இரு, ஐயா.

லீவு கிடைத்தால் இருட்டில் வந்து இறங்காதே. பகல் பஸ்ஸில் வா. வேலை நேரமாக இருந்தால் நேரே ஆலைக் கேட்டுக்கு வந்துவிடு. எத்தனை பேர் நடுவில் நீ நின்றாலும் நான் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன். அதுவரை இரண்டே வரி எழுதிப் போடு. வேறு செய்தி ஒன்றும் வேண்டாம். உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வீரலட்சுமி