முதல் வரிசை, ஓர நாற்காலி

நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ அனுப்பிய டிக்கெட்டின் பின்பக்கத்தில் பச்சைக் கிரேயானால் யாரோ ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். மேலே ஆரம்பித்து, வளைந்து வந்து, காகிதம் முடிந்துவிட்டதால் ஓரத்தில் நின்றுபோன கோடு. முன்பக்கத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். விடுமுறைச் சேர்ந்திசை நிகழ்ச்சி, முதல் வரிசை, ஓர நாற்காலி. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு கேட்டில் டிக்கெட் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட மாட்டார்களே?

நானும் அப்பாவும் நலம். அப்பா அதே பேக்கரி வேன்தான் ஓட்டுகிறார். விடியற்காலையில் போய்விட்டு மத்தியானம் வந்து தூங்குகிறார். நான் தையல் கடையில் பட்டன் வைப்பதிலிருந்து மேலே வந்துவிட்டேன். இப்போது பள்ளிச் சீருடைகளுக்குப் பெயர் தைக்கிறேன். காலருக்கு உள்ளே ஒரு சின்ன நாடாவில் பிள்ளையின் பெயரை நூலால் எழுத வேண்டும். நான் எட்டாவதோடு விட்ட பள்ளிக்கூடத்துச் சட்டைகளும் வருகின்றன. "உனக்குன்னே அமைஞ்ச வேலைடி. யார்கிட்டயும் வாயத் திறக்க வேண்டாம்" என்று கடைக்காரம்மா கேலி செய்கிறார். கேலியாக இருந்தாலும் உண்மைதான்.

போனில் நான் பேசாமல் நின்றதற்குக் கோபப்படாதே. போனைக் காதில் வைத்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோகிறது. நீ கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். அது உனக்கு எப்படித் தெரியும்? "எழுதிப் போடு. பேனாவ எடுத்தா நீ வாயாடி" என்று அப்பாதான் சொன்னார்.

முதல் வரிசை என்பதுதான் எனக்கு உதறலாக இருக்கிறது. பின்னால் எங்காவது மாற்றித்தர முடியுமா?

உன் மகள்,
நத்தை


நவம்பர் 24

என் நத்தைக்குட்டிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். இத்தனை வருஷத்தில் போனில் நீ பேசியதையெல்லாம் கூட்டினாலும் இதில் பாதி வராது. இனிமேல் போன் வேண்டாம், எழுது.

கிரேயான் கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் உட்கார்ந்திருப்பது கேளிக்கைப் பூங்காவின் டிக்கெட் கவுண்டர். நாள் முழுக்கப் பிள்ளைகள் வந்து போகிற இடம். ஏதாவது ஒன்று கிறுக்கியிருக்கும். டிக்கெட் செல்லும், பயப்படாதே.

இடத்தை மட்டும் மாற்ற முடியாது. முதல் வரிசை பாடுகிறவர்களின் வீட்டு ஆட்களுக்கு என்று ஒதுக்கியது. உனக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள்தான் இருப்பார்கள். நல்லவர்கள். நீயாகப் பேச வேண்டிய அவசியம் இருக்காது.

பூங்காவில் வேலை செய்கிற நாங்களும் வெளியிலிருந்து வரும் பாட்டுக் குழுக்களும் சேர்ந்து பாடுகிறோம். மேடையில் படிப்படியாக அடுக்கி நிறுத்துவார்கள். என் உயரத்துக்கு எப்போதும் கடைசிப் படிதான். மேடைக்குப் பக்கத்திலேயே தலைகீழாகச் சுற்றும் ரயில் ஓடுகிறது. நாங்கள் குரலைத் தாழ்த்தி உருகிப் பாடுகிற இடம் பார்த்து அதில் இருப்பவர்கள் அலறுவார்கள். ஒத்திகையின்போது பாட்டு மாஸ்டர் ரயில் ஓட்டுகிறவரிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் சாவகாசமாக, "உங்க பாட்டக் கேட்டுத்தான் அலர்றாங்கன்னு நெனச்சேன் சார்" என்றாராம். இப்போது நிகழ்ச்சி நேரத்தில் ரயிலை நிறுத்துவதாக ஏற்பாடு.

மாஸ்டர் எங்களுக்கும் ஒரு கட்டளை போட்டிருக்கிறார். மேடையில் நின்று யாருக்கும் கை காட்டக் கூடாது. போன வருஷம் ஒருத்தி தன் வீட்டுக்காரருக்குக் கை காட்டப் போய், அவள் பாட்டு ஃபைல் முன்படியில் நின்றவர் மண்டையில் விழுந்தது. அதனால் நான் காதைத் தொடுவேன். நினைவிருக்கிறதா? ஒன்றாம் வகுப்பில் முயல் வேஷம் போட்டுக்கொண்டு ஆட வராமல் மேடையில் நின்றாயே. நான் கீழே இருந்து காதைத் தொட்டுக் காட்டினேன். அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். நீயும் தொட்டுவிட்டு ஆட ஆரம்பித்தாய். இந்தத் தடவை நான் மேடையில் இருப்பேன், நீ கீழே இருப்பாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. உனக்குப் பதினாறு ஆகிவிட்டது. அப்பாவோடா, என்னோடா, யாரோடு இருப்பது என்று இனி நீயே சொல்லலாம். பூங்காவில் உடுப்பு அறை ஒன்று உண்டு. பொம்மை வேஷக்காரர்களின் உடுப்புகளைத் தைத்துச் சரிசெய்கிற இடம். அங்கே ஆள் தேவை என்று கேட்டு வைத்திருக்கிறேன். என் வீட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது. கொஞ்சம் சாமான் கிடக்கிறது, எடுத்துவிட்டால் போதும். நிகழ்ச்சி முடிந்ததும் என்னோடு வீட்டுக்கு வா. பார்த்துவிட்டு முடிவு செய்.

அப்பாவிடம் சொல்லிவிட்டே செய். ஒளிவு மறைவு வேண்டாம்.

உன் அம்மா


டிசம்பர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

வருகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். உடுப்பு அறையைப் பற்றியும், உன் வீட்டு அறையைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான். பிறகு, "போய்ப் பாரு. அங்க எதப் பாத்தாலும், சாப்பிட்டுட்டு பஸ் ஏறு" என்றார்.

மூன்று செட் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரம்மாவிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டதும் வழக்கம்போல வாய் ஒட்டிக்கொண்டது. "சரி சரி, போயிட்டு வா, அழுதிடாத" என்று அனுப்பினார்.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரையும் கூப்பிட்டு இவள்தான் என் மகள் என்று என்னை நடுவில் நிறுத்தாதே. மெதுவாக ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளலாம். முயல் வேஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காதைத் தொட்டது நானா நீயா என்றுதான் குழப்பமாக இருந்தது. நீ எழுதிய பிறகு தெளிந்தது.

அந்த அறையில் ஜன்னல் உண்டா?

உன் மகள்,
நத்தை


டிசம்பர் 22

என் நத்தைக்குட்டிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பாவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கா, தச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதனால் வர முடியாமல் போகவில்லை, நீயாகத்தான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் படியிலிருந்து முதல் வரிசை நன்றாகத் தெரியும். நாற்காலி கடைசி வரை காலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், மூன்று தடவை காதைத் தொட்டேன். ஒருவேளை தாமதமாக வந்து பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பாய் என்று ஒரு நப்பாசை. முடிந்த பிறகு மாஸ்டர், "மேல கொசு ஜாஸ்தியோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

ரயிலையும் நிறுத்த மறந்துவிட்டார்கள். மெல்லிய பாட்டு வந்தபோது வழக்கம்போல அலறல். ஜனங்கள் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

நேரில் வந்தால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உனக்குப் போன் எப்படியோ, எனக்கு இது அப்படி. நீ வந்து, பார்த்து, பிறகு நான் பேசினால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

உடுப்பு அறையில் வேறு ஆளை எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மாதக் கடைசி வரை நிறுத்தி வைக்கும்படி கேட்டிருக்கிறேன். உன்னை வற்புறுத்தவில்லை. வர விருப்பமில்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. அது போதும்.

உன் அம்மா


டிசம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் வந்திருந்தேன்.

கேட்டில் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். கிரேயான் கோட்டை யாரும் பார்க்கவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிகழ்ச்சி ஆரம்பிக்க நிறைய நேரம் இருக்கும்போதே மேடைக்கு வந்துவிட்டேன். வெளிச்சத்தில் முதல் வரிசைக்கு நடந்து போகக் கூச்சமாக இருந்தது. விளக்கை அணைத்ததும் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால், நடைபாதை ஓரமாக, ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. ஒளிவிளக்கு நிற்கிற கம்பத்தின் நிழல் அதன்மேல் விழும். அங்கே நின்றேன். நீ பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாலு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளையும், அதற்கு அடுத்து ஒரு ஆளும் இருந்தார்கள். காது மூடிய கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அது நாற்காலிமேல் ஏறி நின்றது. பின்வரிசையில் ஒரு அம்மாள் என் நாற்காலியில் தன் பையை வைத்தார். பிள்ளை உடனே திரும்பியது.

"இங்க பை வைக்கக் கூடாது. இது எங்க அக்கா சீட்டு."

"உங்க அக்கா வரட்டும், எடுத்துக்கிறேன்."

"வந்துக்கிட்டே இருக்காங்க. பஸ்ல வர்றாங்க. எடுங்க."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பையை எடுத்துவிட்டார். யாரோ ஒரு அக்காவுக்கும் எனக்கும் ஒரே நாற்காலிக்கு டிக்கெட் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். டிக்கெட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

விளக்கு அணைந்தது. நீங்கள் எல்லாரும் நீலச் சால்வையில் வந்து படிகளில் நின்றீர்கள். நீ இளைத்திருக்கிறாய். முதல் பாட்டு முடிந்ததும் என் நாற்காலியைப் பார்த்துக் காதைத் தொட்டாய். நான் கையைத் தூக்கினேன். அதற்குள் முன்னால் அந்தப் பிள்ளை தொப்பியை ஒரு பக்கம் தூக்கி, உள்ளே விரலை விட்டு, தன் காதைத் தேடிப் பிடித்தது. பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தது. "அம்மா பாத்துட்டாங்க. உக்காரு" என்று பக்கத்தில் இருந்தவர் அதை இழுத்து உட்கார வைத்தார்.

நான் கையை இறக்கிவிட்டேன்.

மூன்று தடவையும் நீ தொட்டாய். மூன்று தடவையும் அவள் தொட்டாள். கடைசித் தடவை, "அக்காவுக்குப் பதிலா இது" என்று சொல்லிவிட்டு இன்னொரு காதையும் தொட்டாள். ரயில் அலறல் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

முடிந்ததும் அவர்கள் மேடைக்குப் பின்னால் இருக்கிற கதவுக்குப் போனார்கள். நானும் கொஞ்ச தூரம் போனேன். பெரிய வாத்து வேஷக்காரர் ஒருவர் நின்று பிள்ளைகளுக்குக் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றேன். வேஷத்தில் இடது அக்குளில் தையல் விட்டிருந்தது. நீ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். கூட்டத்தின் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நாலு எட்டு வைத்தால் போதும். நான் திரும்பி நடந்தேன். அப்பா சொன்னபடி கேட்டுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறாய். பஸ்ஸில் வருவது வரைக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் அவளைப் பற்றிச் சொல்லவில்லை? இதை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன். நேரில் சொல்ல வைத்திருந்தது இதுதான் என்று உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது. ஆனாலும் எழுது. கை ஓடாவிட்டாலும் எழுது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

உடுப்பு அறைக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடு. அந்தச் சின்ன அறையில் கிடக்கும் சாமான் யாருடையது என்று இப்போது தெரிகிறது. எனக்காக எதையும் எடுக்க வேண்டாம். நான் இங்கேயே அப்பாவோடு இருக்கிறேன்.

இந்தப் பார்சலில் அவளுடைய தொப்பி இருக்கிறது. கடைசித் தடவை இரண்டு காதையும் தொட்டபோது கழன்று என் நாற்காலிமேல் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. கதவு வரைக்கும் கொண்டுவந்து, கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சின்னத் தல" என்றார். பிறகு தாடைக்குக் கீழே மாட்டுகிற நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு, "எலாஸ்டிக் போயிருக்கு" என்று என்னிடம் கொடுத்தார்.

பழைய எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகிற மாதிரி கொஞ்சம் நீளம் விட்டு உள்ளே மடித்திருக்கிறேன். பின்பக்கம் உட்புறத்தில், பள்ளிச் சட்டைகளுக்கு வைப்பது போல, ஒரு வெள்ளை நாடா தைத்தேன். பெயர் தெரியாததால் அதில் எதுவும் எழுதவில்லை. அவள் பெயரை எழுதி, தொப்பியையும் திருப்பி அனுப்பு. டிக்கெட்டில் இருந்த கோட்டின் பச்சையிலேயே நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்,
நத்தை