கைதட்டல் ஓய்ந்த பிறகு

லாமரின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பிய அந்தச் சிறார் மனநல நீதிமன்றத்தில் நம் பையன் வழக்கை முடித்துவிட்டார்கள். நீதிபதி அம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்து சான்றிதழ் கொடுத்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். டெட்ராய்ட்டிலிருந்து வருகிறேன் என்ற உனக்காகப் பிடித்துவைத்த நாற்காலியில் என் கோட்டைப் போட்டுவைத்தேன்.

பதினான்கு மாதமாக அவன் திருடுவதற்கு ஸ்க்ரூடிரைவரோடு எந்தக் காரையும் நெருங்கவில்லை. வாரந்தோறும் நீதிபதி, "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்பார். இனிக் கேட்க ஆளில்லை. வழக்கு முடிந்ததால் அவர்கள் கொடுத்த மருத்துவரும் அதோடு சரி. வெளியே மருத்துவரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்: "அம்மா, இன்னொரு காரைத் திருடினா மறுபடி சேத்துப்பாங்களா?"

"வாய மூடுடா" என்றேன். சிரித்தான்.

சான்றிதழைக் கூடத்தில் மாட்டினேன். வீட்டிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கைப்பையில் ஒளித்துவைத்தேன்.

இப்படிக்கு,
அவன் அம்மா