நீங்கள் மறக்காத ஒன்று

அக்கா,

கல்லறைத் திருநாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பரணைக் காலி செய்தபோது உங்கள் இடக்கை உறை கிடைத்தது. சாக்குத் துணியில் நாம் தைத்தது. மோந்து பார்த்தேன். காப்பிச் செடிப் பட்டையின் வாசம் இன்னும் போகவில்லை.

ஒரு ஜோடி உறை நம் இரண்டு பேருக்கும் போதும். எனக்கு வலது, இடக்கைக்காரியான உங்களுக்கு இடது. செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள், தண்டைத் தேய்த்துக்கொண்டே போவோம். பட்டை வழவழப்பாக இருந்தால் வண்டு முட்டை வைக்காது. எங்காவது லேசாகப் புடைத்திருந்தால் உள்ளே போரர் புழு குடைகிறது என்று அர்த்தம். மேலே இலை பச்சைப்பசேல் என்று இருக்கும்போதே உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். "இது போச்சு அம்மிணி, புடுங்கிக் கொளுத்தச் சொல்லு" என்பீர்கள். மேஸ்திரி நம்பமாட்டார். பிளந்து பார்த்தால் உள்ளே வெறும் பொடி.

அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் என் மானத்தை உங்களிடம் கொடுத்துவைத்தேன். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். குடகுக்குக் காப்பி பறிக்கப் போன என் வீட்டுக்காரர், அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டதாகக் கடிதம் போட்டார். பையனுக்கு ஏழு வயது. ஓடிப்போனவன் மகன் என்று அவனை ஒருவர் சொல்லக் கூடாது, கைவிடப்பட்டவள் என்று என்னை ஒருவர் பார்க்கக் கூடாது. காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொல்லித் தாலியைக் கழற்றினேன். கடிதத்தைப் போரர் செடிகளோடு போட்டு எரித்தோம். நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "எங்கிட்ட வந்தது எங்கூடவே குழிக்குள்ள வந்துரும். போதுமா?"

போதும் என்று நம்பினேன். வருஷா வருஷம் கோவிலில் அவர் பெயரைக் கொடுத்து ஆன்மாவுக்குப் பூசை வைத்தேன். கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றினேன். முதல் வருஷம் நீங்கள் என் காதோரம் குனிந்து, "உசுரோட இருக்கறவனுக்கு மோட்சத்துல எடம் புடிக்கறவ நீ ஒருத்திதாண்டி" என்றீர்கள். சிரிப்பு வெளியே வராமல் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

பதினெட்டு வருஷம் கழித்து நீங்கள் தேய்த்த செடியையே மூன்று தடவை தேய்த்தீர்கள். உப்பை இரண்டு தடவை போட்டீர்கள். வயசு என்று விட்டுவிட்டோம். தினமும் உங்கள் தலையை வாரிவிட்ட கை இது. ஒரு புடைப்பும் தட்டுப்படவில்லை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ ஆரு கண்ணு?" என்று கேட்டீர்கள். சாயங்காலம் சிலுவையடியில் என் மகன், தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றினான்.

"ஆருக்குச் சாமி இது?"

"அப்பாவுக்குங்க பெரியம்மா."

"உங்கொப்பனுக்கா? அவந்தான் குடகுல பொண்டாட்டி புள்ளையோட நல்லா இருக்கறானே! கடுதாசி போட்டானல்ல? நாங்க ரெண்டு பேருந்தான செடியோட வெச்சு எரிச்சோம்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மகன் என் முகத்தைப் பார்த்தான். அதில் பொய் சொல்ல இடமில்லை. குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தான். ஆறு மாதம் அவன் வாயிலிருந்து "அம்மா" என்ற சொல் வரவில்லை.

சேலத்து டாக்டரிடம் உங்களை உங்கள் மருமகள் கூட்டிப்போனபோது நானும் வந்தது பாசத்தால் அல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான். "எம்பேரு தெரியலீங்க. காலைல தின்னது தெரியலீங்க. அந்தக் கதை மட்டும் எப்படிங்க தெரியுது? நடிக்கறாங்களா?"

அந்தப் பெண் டாக்டர் கோபப்படவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் வரைந்து காட்டினால் எதுவும் புரியும். அவர் வரைந்தார். மூளையின் நரம்பணுக்களுக்கு நடுவே ஒரு புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறதாம். அணுவின் உள்ளே சத்துப் போகிற குழாய்களைத் தாங்கும் நூல்கள் சிக்குப் பிடித்துக்கொள்கின்றனவாம். சத்துப் போகாமல் அணு காய்ந்து செத்துவிடுமாம். புதிதாக வருவதைப் பதிய வைக்கிற இடம் முதலில் போகும். பழையவை மூளையில் பல இடங்களில் ஊன்றிக் கிடப்பதால் நெடுநாள் தங்கும். பிறகு நெற்றிப் பக்கம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கட்டிவைக்கிற இடத்தையும் அது பிடித்துவிடும்.

"கதை அப்படியே இருக்குதும்மா. சொல்லக் கூடாதுங்கறது மட்டும் போயிருச்சு."

"எங்க போரர் மாதிரிங்களா?"

"அந்தப் புழு வெளியில இருந்து வருது. இது அவங்க உடம்பே செஞ்சது."

பஸ் மலை ஏறும்போது நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள். தோளை விலக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் மனசில்லை. உங்கள் உடம்பு உங்களுக்குச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். புரிந்தது. ஆறவில்லை. எல்லாம் மறந்தீர்களே, அந்த ஒன்றையும் சேர்த்து மறந்திருக்கக் கூடாதா?

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. நேற்றுக் கோவிலில் ஆன்மாக்களின் பெயர் எழுதும் வரிசையில் நின்றேன். உங்கள் பெயரைச் சொன்னேன். உபதேசியார் பேனாவை நிறுத்தி, "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் பேரு?" என்றார். ஊரே அறிந்ததை அவர் மரியாதைக்குக் கேட்டார் என்று தெரியும். ஆனாலும் என் வாயால் நான் அதைச் சொன்னதில்லை.

"அவருக்கு வேண்டாமுங்க. அவரு உசுரோடதான் இருக்கறாரு. என்னை உட்டுட்டுப் போனவரு." பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

பின்னால் நின்ற மகன், "பெரியம்மா பேரைத் தப்பில்லாம எழுதுங்க" என்றான். பிறகு, "வாம்மா போலாம்" என்றான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, அக்கா. என் வலக்கை உறையை எலி எப்போதோ கடித்துப் போட்டது. இப்போது அடுப்பிலிருந்து சட்டி இறக்க உங்கள் இடது உறையைத்தான் மாட்டுகிறேன். என் கைக்குக் கட்டைவிரல் கோணலாக நிற்கிறது. சூடு மட்டும் உறைப்பதில்லை.