பானையைத் தொடாத பொம்பளை

மார்ச் 3, ஞாயிறு

காலை எட்டு மணிக்குள் கடையில் சூப்பு தீர்ந்துவிட்டது. தம்பி பெங் சுவானுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது? நாம் விற்கிற இந்தப் பாக் குட் தே சூப்பு இனி நாட்டின் பாரம்பரிய உணவாம், அரசாங்கமே அறிவித்துவிட்டதாம். பன்றி எலும்பும் பூண்டும் கொதிக்கிற சட்டி மேல் துரைக்குத் திடீர் மரியாதை. டிவிக்காரர்கள் வருகிறார்களாம். பட்டுச் சட்டை வாங்கியிருக்கிறான். எலும்பு கழுவ அதைப் போட்டுக்கொண்டு வருவானா?

மார்ச் 7

வந்தார்கள். தம்பி கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பானை முன்னால் நின்றான்.

"எங்க கொள்ளுத்தாத்தா கிள்ளான் துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. இந்தப் பக்குவம் ஆம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். பொம்பளைங்க பானையைத் தொடவே மாட்டாங்க."

அடப்பாவி! கொள்ளுத்தாத்தா மூட்டையா தூக்கினார்? சூதாட்டக் கடை வாசலில் நின்று, போலீஸ் வந்தால் கத்துகிற வேலை. கடையை ஆரம்பித்தது அம்மா. அம்மாவுக்குப் பிறகு நான். இவன் சமைத்து நான் பார்த்தது மேகி மட்டும்.

பின்னால் நின்று கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

"அக்கா, கொஞ்ச நாள் வீட்ல இரேன். படம் பிடிக்க வர்றவங்க உன்னை அடுப்புல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அப்ப சமையல் யாரு?"

"நான்தான். எலும்பு வேக வைக்கிறதுல என்ன பெரிய வித்தை?"

கடை அவன் பேரில் இருக்கிறது. சரி ராஜா, நீயே வேக வை. ஏப்ரனைக் கழற்றி அந்தப் பட்டுச் சட்டை மேலேயே போட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அழுதேன். கருமம், அவனுக்காகவா? என் அடுப்புக்காக.

மார்ச் 12

தினமும் வருகிற லோரிக்கார ஆ ஹாய் வீடு தேடி வந்தான்.

"அக்கா, உன் தம்பி வைக்கிற சூப்பு கசாயம் மாதிரி இருக்கு. சூப்போட குடிக்க நாங்க கொண்டுபோன தேயிலைப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கல. அப்படியே எந்திரிச்சு வந்துட்டோம்."

மணம் இறங்கியதும் எடுக்க வேண்டிய மூலிகைப் பையை ராத்திரி முழுக்கச் சட்டியிலேயே கிடக்க விட்டிருக்கிறான், மூதேவி. கசப்பை மறைக்கக் கற்கண்டு வேறு! கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அதையும் படம் பிடித்து, "ஆகா, பாரம்பரிய ருசி!" என்கிறார்களாம். நாக்கா அது, செருப்புத் தோலா?

மார்ச் 20

மீன் சந்தைக்குப் பின்னால் ஓர் இடம் வாடகைக்கு எடுத்துவிட்டேன், நாளை முதல் என் கடை. ஒரு அடுப்பு, ஆறு மேசை. போர்டு இல்லை. யாராவது வருவார்களா?

மார்ச் 21

வந்தார்கள். மேசை போதவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஒரு வாரமாக, விடியற்காலையில் கடைசி மேசையில் தம்பி. வருகிறான், தலையைக் குனிந்து சாப்பிடுகிறான், காசை வைத்துவிட்டுப் போகிறான். தான் சமைத்ததை அவனாலேயே குடிக்க முடியவில்லை!

இன்று நிமிர்ந்தான். "அக்கா, திரும்பி வந்துடு. போர்டுல உன் பேரையும் போடுறேன். சியோக் லான்னு பெருசா."

இருபது வருஷத்தில் அவன் என் பெயரைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி சூப்பு ஊற்றினேன். "சீக்கிரம் குடிச்சிட்டு எந்திரி. ஆளுங்க நிக்கிறாங்க."

குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு தன் கடையைத் திறக்கப் போனான்.